சவுத் கரோலினா பொண்ணுங்களோட 38-0: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் என் பதிலும்

2024 மார்ச், ஏப்ரல்ல நடந்த அமெரிக்க காலேஜ் பெண்கள் பாஸ்கெட்பால் டோர்னமெண்ட்ட பத்தி பேச்செடுத்தாலே போதும், ஃப்ரெண்ட்ஸ் க்ரூப், ஃபேமிலி க்ரூப் எல்லாத்துலயும் அதே டவுட்டுதான் சுத்தி சுத்தி வருது. பாதி பேருக்கு அயோவா காலேஜ் ஸ்டார் கெய்ட்லின் கிளார்க் பேரு மட்டும்தான் தெரியும், கப்பு யாரு தூக்குனாங்கன்னு கேட்டா முழிக்கிறாங்க (சவுத் கரோலினா காலேஜ்தான்). அதான் கேள்விய எல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டு ஒரே இடத்துல எழுதி வச்சிடுறேன், இனிமே யாராவது கேட்டா இத அனுப்பிட்டு நான் வேலைய பாப்பேன்.

மொதல்ல இது என்ன டோர்னமெண்ட்டு? லீக்கா நாக்-அவுட்டா?

சுத்தமான நாக்-அவுட். நாடு முழுக்க இருக்குற காலேஜ் டீம்ல 68 டீம எடுக்குறாங்க, ஒரு மேட்ச் தோத்தா பைய கட்டிட்டு ஊருக்கு கெளம்ப வேண்டியதுதான். கப்பு வாங்கணும்னா தொடர்ந்து 6 மேட்ச் ஜெயிக்கணும், கடைசி நாலு எடத்துக்கு மோதுற டீமுங்க மட்டும் அதுக்கு முன்னாடி இன்னொரு மேட்ச் ஆடிட்டு உள்ள வரணும். 16 டீம் மிஞ்சுனா ஸ்வீட் சிக்ஸ்டீன், 8 மிஞ்சுனா எலைட் எய்ட், 4 மிஞ்சுனா ஃபைனல் ஃபோர். நடத்துறது என்சிஏஏன்னு காலேஜ் விளையாட்டுக்கான அமைப்பு. பெண்களுக்கு 1982ல இருந்து நடத்துறாங்க.

சீடு சீடுன்னு சொல்றாங்களே, அத யாரு முடிவு பண்றா?

ஒரு கமிட்டி இருக்கு. கான்ஃபரன்ஸ்னா காலேஜ்ங்க சேந்து வச்சிருக்குற குரூப்பு, ஒவ்வொரு கான்ஃபரன்ஸோட சாம்பியனுக்கும் சீட்டு கன்ஃபார்ம், 2024ல அப்படி 32 டீம். மீதி 36 டீம, யாரோட ஆடுனாங்க, யாரை ஜெயிச்சாங்க, எங்க போயி ஜெயிச்சாங்கன்னு எல்லாம் பாத்து கமிட்டி எடுக்கும். அப்புறம் மொத்தத்தையும் நாலு ரீஜியனா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் 1ல இருந்து 16 வரைக்கும் நம்பர் போடுவாங்க. 1ம் நம்பர் 16ம் நம்பரோட மோதும், 2 வந்து 15ஓட, இப்படி. நல்ல டீமுக்கு ஆரம்பத்துல ஈஸியான ஆளு, அவ்ளோதான் லாஜிக்.

ஈஸின்னா எப்பவுமே ஈஸின்னு நெனச்சிடாதீங்க. 1998ல 16ம் சீடு ஹார்வர்டு பொண்ணுங்க, 1ம் சீடு ஸ்டான்ஃபோர்ட, அதுவும் ஸ்டான்ஃபோர்டோட சொந்த அரங்கத்துலயே வச்சு 71-67ன்னு அடிச்சு அனுப்பிட்டாங்க. ஆம்பளைங்க டோர்னமெண்ட்ல அப்படி ஒண்ணு நடக்க 2018 ஆச்சு.

கேம்காக்ஸ்னா சேவலா? காலேஜ் டீமுக்கு போயி இப்படி ஒரு பேரா?

ஆமா, சவுத் கரோலினா டீமுக்குத்தான் கேம்காக்ஸ்னு பேரு, சண்டைச் சேவலேதான். காலுல முள்ளு வச்ச சேவல் படம்தான் லோகோ, கலர் கருஞ்சிவப்பும் கருப்பும். அமெரிக்க சுதந்திரப் போர்ல தாமஸ் சம்டர்னு ஒரு தளபதிய சண்டைச் சேவல்னு கூப்பிட்டிருக்காங்க, அந்தப் பேருதான் அந்த மாநிலத்தோட ஒட்டிக்கிச்சு. நம்ம மதுரைப் பக்கம் ஆளுங்களுக்கு இந்த லோகோவ பாத்தா விளக்கமே தேவைப்படாது. காலேஜ் இருக்குறது கொலம்பியாங்குற ஊர்ல, அரங்கத்துல 18,000 பேர் உக்காரலாம், பொண்ணுங்க மேட்சுக்கு அத ரொப்பிடுறாங்க.

38-0ன்னா இந்த டோர்னமெண்ட்ல மட்டுமா? கணக்கு இடிக்குதே?

இல்ல, மொத்த சீசனும் சேத்து. ரெகுலர் சீசன் 29, எஸ்இசின்னு அவங்க கான்ஃபரன்ஸோட டோர்னமெண்ட்ல 3, அப்புறம் இந்த பெரிய டோர்னமெண்ட்ல 6. ஆக 38, ஒண்ணு கூட தோக்கல. டிவிஷன் 1ங்குற டாப் லெவல் பெண்கள் காலேஜ் பாஸ்கெட்பால்ல இப்படி ஒரு தோல்வி கூட இல்லாம கப்பு வாங்குனது இதோட 10 தடவைதான், அதுல 6 தடவை யூகான்ங்குற ஒரே காலேஜ். மீதி டெக்சாஸ் 1986, டென்னசி 1998, பேலர் 2012, அப்புறம் இவங்க.

நாங்க ஸ்கூல்ல ஆடுன பாஸ்கெட்பாலும் இதுவும் ஒரே ரூல்தானா?

கிட்டத்தட்ட. பந்து அதே 6ம் நம்பர் சைஸ், 10 நிமிஷம் வச்சு நாலு குவார்ட்டர், அஞ்சு ஃபவுல் ஆனா வெளிய. பெரிய வித்தியாசம்னா ஷாட் கிளாக், நமக்கு 24 செகண்டு, அங்க 30. பாதிக் கோர்ட்ட தாண்ட நமக்கு 8 செகண்டு, அங்க 10. தமாஷ் என்னன்னா அதே அமெரிக்கால ஆம்பளைங்க காலேஜ் மேட்ச் இன்னும் 20 நிமிஷம் ரெண்டு பாதியாத்தான் ஆடுறாங்க, பொண்ணுங்கதான் 2015ல நாலு குவார்ட்டருக்கு மாறி உலகத்தோட ஒத்துப் போனாங்க.

காலேஜ் பசங்க ஆடுறதுக்கு போயி ஏன் இவ்ளோ மவுசு? அதான் புரொஃபஷனல் லீக் இருக்கே?

கேள்வி நியாயம்தான். ஆனா பாருங்க, ஆம்பளைங்கள்ல நல்லா ஆடுறவன் ஒரு வருஷம் காலேஜ்ல தலைய காட்டிட்டு 19 வயசுல என்பிஏ போயிடுறான். பொண்ணுங்களுக்கு டபிள்யூஎன்பிஏங்குற பெண்கள் புரொஃபஷனல் லீக்ல டீமுங்க வரிசையா புது ஆள எடுக்குற டிராஃப்ட்ல போகணும்னா அந்த வருஷம் 22 வயசு ஆகணும், இல்ல காலேஜ முடிச்சிருக்கணும். அதனால ஒரே பொண்ணை நாலு வருஷம் ஒரே ஜெர்சில பாக்குறோம், முதல் வருஷம் சொதப்புனது, மூணாவது வருஷம் அழுதது, நாலாவது வருஷம் பழி தீத்ததுன்னு சீரியல் மாதிரி கதை வளந்துகிட்டே போகுது. இந்த சவுத் கரோலினா கதையும் 2023ல ஆரம்பிச்சதுதான்.

அதான், 2023ல என்ன ஆச்சு? எல்லாரும் ரிவெஞ்ச் ரிவெஞ்ச்னு சொல்றாங்களே

2023லயும் இவங்க 36-0ன்னு ஃபைனல் ஃபோருக்கு வந்தாங்க. டல்லாஸ்ல செமிஃபைனல், எதிர்ல அயோவா. கெய்ட்லின் கிளார்க் 41 பாயிண்ட் போட்டு 77-73ன்னு வீட்டுக்கு அனுப்பிடுச்சு. கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டல.

ஆனா தோத்தத விட வலிச்சது வேற. அயோவாவுக்கு ஒரு பிளான் இருந்துச்சு, சவுத் கரோலினா உயரமான டீம், அதனால கூடைக்கு கீழ ஆள நிறுத்தி அடைச்சிடு, வெளிய நின்னு ஷூட் பண்றவங்கள விட்டுடு, அவங்களால போட முடியாதுன்னு. அந்த மேட்ச்ல சவுத் கரோலினாவோட ரேவன் ஜான்சன்னு ஒரு கார்டு (பந்த தட்டி கொண்டு போற பொசிஷன்) மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளிய பந்தோட நிக்குது, காவலுக்கு வர வேண்டிய கிளார்க் கிட்டவே போகாம, நீ போட்டா போட்டுக்கோங்குற மாதிரி கைய வீசிட்டு உள்ள போயிடுச்சு. ரெண்டு செகண்டு கிளிப்புதான், ஆனா ஊரே பாத்துச்சு. அப்போ ஆட்டத்தையே விட்டுடலாமான்னு தோணுச்சுன்னு ரேவனே பின்னாடி சொல்லிருக்கு. அடுத்த சீசனுக்கு அந்தப் பொண்ணு வச்ச பேருதான் ரிவெஞ்ச் டூர்.

அந்த 2023 டீமேதான் 2024லயும் ஆடுச்சா?

அதுதான் இல்ல! ஸ்டார்ட்டிங் ஃபைவ் மொத்தமா காலி. அலியா பாஸ்டன், ஜியா குக், பிரியா பீல்னு பெரிய தலைங்க எல்லாம் போயாச்சு. 2024ல ஆடுனதுல நெறைய பேர் அதுக்கு முன்னாடி பெஞ்ச்ல உக்காந்து கை தட்டுனவங்க, இல்ல அப்பத்தான் உள்ள வந்தவங்க. கமில்லா கார்டோசோ 6 அடி 7 அங்குலம், பிரேசில் பொண்ணு, 15 வயசுல இங்கிலீஷ் தெரியாம அமெரிக்கா வந்துச்சு, சிரக்யூஸ்ல ஒரு வருஷம் ஆடிட்டு இங்க மாறுச்சு. டே-ஹீனா பாவ்பாவ் ஓரிகன்ல இருந்து வந்துச்சு, மூணு பாயிண்ட் ஷாட்ல அந்த சீசன்ல நாட்டுலயே பெஸ்ட் சதவீதம் அதோடது. மேல சொன்ன அயோவா பிளானுக்கு இதவிட நேரடியான பதில் என்ன இருக்கு சொல்லுங்க.

அப்புறம் ரெண்டு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்க. மிலேஷியா ஃபுல்வைலி அதே கொலம்பியா ஊருப் பொண்ணு, டெஸ்ஸா ஜான்சன் மின்னசோட்டா. இந்த ரெண்டு பேரும் ஸ்டார்ட்டிங்ல கூட கெடையாது, பேர மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வேலை இருக்கு.

கோச் யாரு, ஏன் அவங்களுக்கு இவ்ளோ மரியாதை?

டான் ஸ்டேலி. ஃபிலடெல்ஃபியால வளந்தவங்க, பிளேயரா மூணு ஒலிம்பிக் தங்கம், 1996, 2000, 2004. டோக்கியோல கோச்சா ஒரு தங்கம். 2008ல சவுத் கரோலினா வந்தாங்க, அப்போ அந்த டீம ஏன்னு கேக்க ஆள் இல்ல. 2017, 2022, 2024ன்னு மூணு கப்பு. அதுலயும் 2022ல இருந்து 2024 வரைக்கும் மூணு சீசன் கணக்க கூட்டுனா 109 ஜெயிச்சு 3 தோல்வி. என்னோட கருத்து என்னன்னா, அவங்களோட உண்மையான திறமை ஸ்டார உருவாக்குறது இல்ல, ஸ்டாரா இருந்து வந்த பொண்ணுங்கள 18 நிமிஷம், 20 நிமிஷம் ஆடுறதுக்கு முகம் சுளிக்காம ஒத்துக்க வைக்கிறது. அதுதான் இந்த ஆறு மேட்சையும் ஜெயிச்சு குடுத்துச்சு.

டோர்னமெண்டுக்கு முன்னாடி ஏதோ அடிதடி ஆச்சாமே? கார்டோசோ முதல் மேட்ச் ஆடாததுக்கு அதான் காரணமா?

ஆமா, அதேதான். எஸ்இசி டோர்னமெண்ட் ஃபைனல், மார்ச் 10, எல்எஸ்யூங்குற லூசியானா ஸ்டேட் காலேஜோட. கடைசி ரெண்டு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது கோர்ட்ல தள்ளுமுள்ளு, கார்டோசோ ஓடி வந்து எல்எஸ்யூவோட ஃப்ளாஜே ஜான்சன ஒரு தள்ளு தள்ளி கீழ சாச்சிடுச்சு. ஃப்ளாஜேவோட அண்ணன் கேலரில இருந்து குதிச்சு உள்ள வந்துட்டாரு, போலீஸ் புடிச்சிட்டு போச்சு. பெஞ்ச்ல இருந்து எந்திரிச்சு கோர்ட்டுக்குள்ள வந்த ரெண்டு டீம் பொண்ணுங்களையும் வெளிய அனுப்பிட்டாங்க. மேட்ச சவுத் கரோலினா 79-72ன்னு ஜெயிச்சுச்சு. சண்டை போட்டு வெளிய போனா அடுத்த மேட்ச் ஆட முடியாதுங்குறது ரூல், அடுத்த மேட்ச் எதுன்னா இந்த டோர்னமெண்ட்டோட முதல் ரவுண்டு.

இதுல எனக்கு புடிச்ச விஷயம் அதுக்கு முந்தின நாள் நடந்தது. டென்னசியோட செமிஃபைனல், 73-71ன்னு பின்னாடி இருக்காங்க, கிளாக்ல 1.1 செகண்டு. பந்து கார்டோசோ கைக்கு வருது, மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளிய. அந்தப் பொண்ணு தன் காலேஜ் வாழ்க்கைல அதுவரைக்கும் ஒரு மூணு பாயிண்ட் கூட போட்டதில்ல. தூக்கி எறிஞ்சுச்சு, பலகைல பட்டு உள்ள விழுந்துச்சு, 74-73. அது விழாம போயிருந்தா 38-0ம் இல்ல, இந்தப் பதிவும் இல்ல.

முதல் ரெண்டு மேட்ச் சொந்த ஊர்லயே ஆடுறாங்க, இது அநியாயம் இல்லையா?

பெண்கள் டோர்னமெண்ட்ல டாப் 16 டீமுக்கு அந்த சலுகை இருக்கு, ஆம்பளைங்களுக்கு கெடையாது. அநியாயம்னா அநியாயம்தான், ஆனா பொதுவான ஊர்ல வச்சா சீட்டு காலியா கெடக்கும்னு பயந்து வச்ச ஏற்பாடு. கார்டோசோ இல்லாமலே பிரெஸ்பிட்டேரியன 91-39, அடுத்து நார்த் கரோலினாவ 88-41. இத பத்தி சொல்ல வேற ஒண்ணும் இல்ல.

ரொம்ப ஈஸியா ஜெயிச்ச மாதிரி இருக்கே, எங்கயாச்சும் மாட்டுனாங்களா?

மாட்டுனாங்க, நல்லாவே மாட்டுனாங்க. ஸ்வீட் சிக்ஸ்டீன், நியூயார்க் மாநிலத்துல ஆல்பனிங்குற ஊர்ல, எதிர்ல 4ம் சீடு இண்டியானா. மூணாவது குவார்ட்டர்ல 22 பாயிண்ட் லீட், அதோட எல்லாரும் டிவிய ஆஃப் பண்ணிருப்பாங்க. இண்டியானா ஒண்ணு ஒண்ணா கொறச்சு கடைசி நிமிஷம் நெருங்கும்போது ரெண்டு பாயிண்டுக்கு கொண்டு வந்துடுச்சு, 74-72. இப்போ பந்து ரேவன் ஜான்சன் கைல. மேல சொன்ன அதே பொண்ணு, அதே கோடு, இவளால போட முடியாதுன்னு ஒரு வருஷமா உலகம் சொல்லிட்டு இருந்த அதே ஷாட். போட்டுச்சு, விழுந்துச்சு, 77-72. முடிவு 79-75. அந்த ஆறு மேட்ச்ல ஒத்த இலக்க வித்தியாசம் இது ஒண்ணுதான்.

அடுத்து எலைட் எய்ட்ல ஓரிகன் ஸ்டேட்ட 70-58. இழுபறியாத்தான் போச்சு, ஆனா இண்டியானா மாதிரி வயித்த கலக்கல.

போர்ட்லண்ட்ல கோர்ட்டுல கோடே தப்பா போட்டிருந்தாங்களாமே, அதுல இவங்களுக்கு லாபமா?

இவங்க அங்க ஆடவே இல்ல, அதனால லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. ரெண்டு ஊர்ல ரீஜியன் மேட்ச் நடந்துச்சு, ஆல்பனி ஒண்ணு, போர்ட்லண்ட் ஒண்ணு. போர்ட்லண்ட்ல ரெண்டு பக்கமும் மூணு பாயிண்ட் கோடு ஒரே தூரத்துல இல்ல, சில அங்குலம் வித்தியாசம். இதுல அசிங்கம் என்னன்னா, அதுக்கு முன்னாடியே அந்த கோர்ட்ல மேட்ச் ஆடி முடிச்சாச்சு, டெக்சாஸ் - என்சி ஸ்டேட் எலைட் எய்ட் ஆரம்பிக்கப் போற நேரத்துலதான் கண்டுபுடிச்சாங்க. ரெண்டு கோச்சும் பரவால்ல ஆடிடுவோம்னு ஒத்துக்கிட்டாங்க. அதுல ஜெயிச்சு வந்த என்சி ஸ்டேட்தான் சவுத் கரோலினாவுக்கு செமிஃபைனல்ல எதிரி.

செமில ஹாஃப் டைம்ல ஒரே ஒரு பாயிண்ட் லீடு, அப்புறம் எப்படி 78-59?

மூணாவது குவார்ட்டர். 29-6. அதான் பதில்.

கொஞ்சம் விளக்கமா சொல்லணும்னா, கார்டோசோ ரெண்டாவது குவார்ட்டர்ல கால் அடிபட்டு உள்ள போயிடுச்சு, எல்லாருக்கும் பக்குன்னு ஆச்சு. வேற டீமா இருந்தா அங்கயே கதை முடிஞ்சிருக்கும். இவங்ககிட்ட ஆஷ்லின் வாட்கின்ஸ் இருந்துச்சு, ஒரே மேட்ச்ல 20 ரீபவுண்டு எடுத்துச்சு (உள்ள விழாம திரும்புற பந்த புடிக்கிறதுதான் ரீபவுண்டு). கார்டோசோ திரும்பி வந்து 22 பாயிண்டோட முடிச்சுச்சு. ஹாஃப் டைமுக்கு அப்புறம் எதிர் டீமுக்கு மூச்சு வாங்குற நேரத்துல இவங்க புது ஆளுங்கள எறக்கி வெச்சு செஞ்சாங்க.

இன்னொரு செமில ரெஃப்ரி யூகான ஏமாத்திட்டாருன்னு சொல்றாங்களே? அயோவா ஃபைனலுக்கே வந்திருக்கக் கூடாதா?

இது இன்னும் பத்து வருஷத்துக்கு ஓடும் சண்டை. 70-69, அயோவா ஒரு பாயிண்ட் முன்னாடி, 3.9 செகண்டு, யூகான்கிட்ட பந்து. யூகானோட ஆலியா எட்வர்ட்ஸ் ஸ்கிரீன் வைக்கும்போது, அதாவது எதிராளிய மறிச்சு நிக்கும்போது, அசைஞ்சுடுச்சுன்னு ஃபவுல் குடுத்துட்டாங்க, பந்து அயோவாவுக்கு போச்சு. ரூல் படி அது ஃபவுலான்னு கேட்டா, ஆமா, தோளும் முட்டியும் வெளிய போச்சு. மேட்ச் முழுக்க அந்த மாதிரி ஸ்கிரீனுக்கெல்லாம் விசில் அடிச்சாங்களான்னு கேட்டா, இல்ல. அந்த எடத்துல விசில வாயில இருந்து எடுத்துருக்கலாம்னுதான் நான் சொல்லுவேன், ஆனா அந்த ஒரு விசிலால யூகான் தோத்துச்சுன்னு சொல்றத ஒத்துக்க மாட்டேன். விசில் அடிக்காம விட்டிருந்தா கடைசி ஷாட் உள்ள போயிருக்கும்னு என்ன கேரண்டி?

ஃபைனல்ல கிளார்க் 30 பாயிண்ட் போட்டுச்சு, அப்புறமும் அயோவா ஏன் தோத்துச்சு?

எனக்கு வர்றதுலயே அதிகமா வர்ற கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீட்டுறேன். ஏப்ரல் 7, கிளீவ்லண்ட். அயோவா எடுத்த எடுப்புல 10-0. முதல் குவார்ட்டர்ல மட்டும் கிளார்க் 18 பாயிண்ட், ஃபைனல்ல ஒரு குவார்ட்டர்ல அதுவரைக்கும் யாரும் அவ்ளோ போட்டதில்ல. 27-20. அந்த நேரத்துல 2023 மறுபடியும் வருதுடான்னு நெனச்சவங்கள்ல நானும் ஒருத்தர். ஆனா 30ல 18 கழிச்சா 12, அதாவது மீதி மூணு குவார்ட்டருக்கும் சேத்து 12தான். அதுக்கு காரணம் ரேவன் ஜான்சன், கிளார்க்கோட நெழல் மாதிரி ஒட்டிக்கிச்சு. கிளார்க் 28 ஷாட் எறிஞ்சு 10தான் உள்ள போச்சு.

ஹாஃப் டைமுக்கு சில செகண்டு முன்னாடி நடந்தத மட்டும் தனியா தேடிப் பாருங்க. கிளார்க் பந்த தட்டிகிட்டு நடுக்கோட்டுகிட்ட நிக்குது, கடைசி ஷாட்டுக்கு நேரம் பாத்துகிட்டு. ரேவன் எதிர்ல குனிஞ்சு நிக்குது, ஒரு எட்டு, கை உள்ள போகுது, பந்து இவங்க பக்கம், தனியா ஓடிப்போயி லேஅப். 49-46ன்னு முன்னாடி இருந்தபடி ஹாஃப் டைம். ஸ்கோர் ஷீட்ட பாத்தா ரேவன் அன்னைக்கு போட்ட பாயிண்ட் ரொம்ப ரொம்ப கம்மி, ஷீட்ட மட்டும் பாக்குறவங்க இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சுன்னுதான் கேப்பாங்க.

அடுத்து பெஞ்ச். சவுத் கரோலினா பெஞ்ச்ல இருந்து வந்தவங்க போட்டது 37 பாயிண்ட். அயோவா பெஞ்ச் போட்டது சைபர். அச்சுப்பிழை இல்ல, 37-0. டெஸ்ஸா ஜான்சன் பெஞ்ச்ல இருந்து வந்து 19, டீம்லயே அதிகம், ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு! ரீபவுண்டு 51-29, ஷாட் மிஸ் ஆனாலும் பந்து திரும்ப இவங்க கைக்கே வருது, அப்படி கெடச்ச ரெண்டாவது சான்ஸ்லயே 30 பாயிண்ட். கடைசி குவார்ட்டர்ல அயோவா 80-75 வரைக்கும் வந்துச்சு, நாலு நிமிஷம் சொச்சம் பாக்கி, அதுக்கப்புறம் அவங்களுக்கு ஒரு பாயிண்ட் கூட வரல. கால்ல தெம்பில்ல. 87-75.

அப்போ பெஸ்ட் பிளேயர் அவார்டு ஏன் கார்டோசோவுக்கு? கிளார்க்தானே பெஸ்ட்டு?

ரெண்டும் வேற வேற அவார்டு. சீசனோட பெஸ்ட் பிளேயர் கிளார்க்தான், 3,951 பாயிண்டோட ஆம்பளை பொம்பளை எல்லாரையும் சேத்து டிவிஷன் 1 வரலாத்துலயே அதிகம். கார்டோசோவுக்கு குடுத்தது ஃபைனல் ஃபோருக்கானது. ஃபைனல்ல 15 பாயிண்ட், 17 ரீபவுண்டு, அதுக்கு முந்தின செமி கணக்கு மேலயே இருக்கு. ஜெயிச்ச பெறகு மைக்க புடிச்ச ஸ்டேலி, இந்த ஆட்டத்த தூக்கி விட்டதுக்கு கிளார்க்குக்கு நன்றின்னு சொன்னாங்க. ஜெயிச்ச கையோட அப்படி சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்.

ஜெயிச்சதும் ஏணி போட்டு ஏறி வலைய வெட்டுறாங்களே, அது எதுக்கு?

பழைய வழக்கம், ஆளுக்கு ஒரு துண்டு ஞாபகத்துக்கு. ஸ்டேலி விஷயத்துல இதுக்கு ஒரு தனிக்கதை இருக்கு. 1999ல பர்டூ காலேஜுக்கு கப்பு வாங்கிக் குடுத்த கேரலின் பெக், இந்தக் கப்ப ஜெயிச்ச முதல் கருப்பினப் பெண் கோச். அவங்க தன்னோட வலைத் துண்டு ஒண்ண 2015ல ஸ்டேலிகிட்ட குடுத்தாங்க, நீ ஜெயிக்கும்போது திருப்பிக் குடுன்னு. 2017ல ஸ்டேலி ஜெயிச்சாங்க, ரெண்டாவது ஆளா. அந்த வலைய துண்டு துண்டா வெட்டி மத்த கருப்பினப் பெண் கோச்சுங்களுக்கு அனுப்பிட்டாங்க.

ஆம்பளைங்க ஃபைனலை விட இத அதிகம் பேர் பாத்தாங்கன்னு சொல்றது நெஜமா, இல்ல ஃபார்வேர்டு மெசேஜா?

நெஜம். இது சராசரியா கிட்டத்தட்ட 1.9 கோடி பேர், அடுத்த நாள் நடந்த ஆம்பளைங்க ஃபைனல் சுமார் 1.48 கோடி. வரலாத்துல முதல் தடவை. மூணு வருஷம் முன்னாடி, 2021ல, இதே பெண்கள் டோர்னமெண்ட்ல ஜிம்முன்னு சொல்லி ஒரே ஒரு டம்பெல் ஸ்டாண்டு வச்சிருந்தத ஓரிகன் பொண்ணு ஒண்ணு வீடியோ எடுத்துப் போட்டு மானத்த வாங்குச்சு, ஆம்பளைங்களுக்கு அதே நேரத்துல பெரிய ஹால் நெறைய சாமான். அதுக்கப்புறம்தான் 2022ல பொண்ணுங்களுக்கும் 68 டீம், மார்ச் மேட்னஸ்ங்குற பேரு எல்லாம் வந்துச்சு.

இன்னொண்ணு, இது நெறைய பேருக்கு தெரியாது. ஆம்பளைங்க டீம் ஒவ்வொரு மேட்ச் ஜெயிக்க ஜெயிக்க அவங்க கான்ஃபரன்ஸுக்கு என்சிஏஏ காசு குடுக்கும். 2024ல பெண்கள் டீமுக்கு அது கெடையாது, ஆறு மேட்ச் ஜெயிச்ச சவுத் கரோலினாவுக்கும் அந்த வகைல சல்லிக்காசு வரல. 2025 ஜனவரிலதான் பெண்களுக்கும் குடுக்கலாம்னு ஓட்டு போட்டு முடிவு பண்ணாங்க.

பிளேயர்ஸுக்கு சம்பளம் உண்டா? எஃப்-1 விசால இருக்குற பொண்ணு எப்படி சம்பாதிக்கும்?

2024ல காலேஜ் நேரடியா சம்பளம் குடுக்க முடியாது, ஸ்காலர்ஷிப் மட்டும். ஆனா 2021 ஜூலைல இருந்து தன்னோட பேரு, மொகம் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம், அதைத்தான் என்ஐஎல்னு சொல்றாங்க. 2025 ஜூலைல இருந்து காலேஜே நேரடியா பங்கு குடுக்கலாம்னும் ஆகிடுச்சு.

விசா கேள்வி கேட்டது கண்டிப்பா அங்க எம்எஸ் படிச்ச யாரோதான். வெளிநாட்டுல இருந்து எஃப்-1ங்குற ஸ்டூடண்ட் விசால வந்து ஆடுற பொண்ணுங்களுக்கும் நம்ம பசங்களுக்கு இருக்குற அதே கட்டுப்பாடுதான், கேம்பஸுக்கு வெளிய வேலை பாத்தா ஸ்டேட்டஸுக்கு ஆபத்து. அதனால அமெரிக்க மண்ணுல நின்னு விளம்பரத்துல நடிக்கிறது சிக்கல். நெறைய பேர் சொந்த நாட்டுக்குப் போயிருக்கும்போது ஷூட்டிங் முடிச்சிக்கிறாங்க. கூட ஆடுற பொண்ணு விளம்பரத்துல சம்பாதிச்சுட்டு இருக்கும்போது, அதே அளவு ஆடுற வெளிநாட்டுப் பொண்ணு விசா பேப்பர பாத்துகிட்டு உக்காந்திருக்கும்.

அப்போ இதுதான் எல்லா காலத்துலயும் பெஸ்ட் டீமா?

எனக்கு அப்படி தோணல. பிரியானா ஸ்டூவர்ட் இருந்த 2016 யூகான் டீம எடுத்துக்கோங்க, எதிர் டீம மூச்சே விட விடல. இவங்க ஒரு தடவை 1.1 செகண்டுல பொழச்சாங்க, இன்னொரு தடவை இண்டியானாகிட்ட கிட்டத்தட்ட மாட்டுனாங்க. ஆனா ஸ்டார்ட்டிங் ஃபைவ மொத்தமா இழந்துட்டு, ஆல்-அமெரிக்கா (நாட்டோட டாப் காலேஜ் பிளேயர் லிஸ்ட்டு) லெவல்ல ஒண்ணு ரெண்டு பேர வச்சுகிட்டு, பெஞ்சையே ஆயுதமாக்கி தோக்காம வந்த டீம்னு பாத்தா இவங்கள மாதிரி இன்னொண்ணு எனக்கு ஞாபகம் வரல. பெஸ்ட் வேற, ஆச்சரியம் வேற. எனக்கு ரெண்டாவதுதான் புடிக்கும்.

அதுக்கப்புறம் என்ன ஆனாங்க?

அந்த மாசமே டிராஃப்ட், கிளார்க் முதல் ஆளா இண்டியானா ஃபீவருக்கு, கார்டோசோ மூணாவதா சிகாகோ ஸ்கைக்கு. சவுத் கரோலினாவோட தொடர் வெற்றி அடுத்த சீசன்லயும் நீண்டு 43ல போயி நின்னுச்சு, 2024 நவம்பர்ல யூசிஎல்ஏ நிறுத்துச்சு. 2025 ஃபைனல் வரைக்கும் மறுபடியும் வந்தாங்க, டாம்பால யூகான் 82-59ன்னு மண்ணக் கவ்வ வச்சிடுச்சு.

எல்லாம் பாக்க நேரம் இல்ல, ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னா எது?

எல்லாரும் ஃபைனலச் சொல்லுவாங்க. நான் இண்டியானா மேட்ச்சோட மூணாவது குவார்ட்டர்ல இருந்து பாருங்கன்னு சொல்லுவேன், 22 பாயிண்ட் லீட் கரையுறதும் ரேவனோட அந்த ஷாட்டும் அதுல இருக்கு. அதுக்கு முன்னாடி 2023ல கிளார்க் கைய வீசுன கிளிப்ப ஒரு தடவை பாத்துட்டு உக்காருங்க. இன்னும் அர மணி நேரம் கெடச்சா ஃபைனலோட ரெண்டாவது குவார்ட்டர், அப்போ கிளார்க்க விட்டுட்டு ரேவன மட்டும் பாருங்க.